பன்றிக் காயடிப்பு: கத்திக்குப் பதில் ஊசி

பன்றி வளர்ப்போருக்கு ஆண் குட்டி என்றாலே ஒரு கவலை உண்டு. காயடிக்காமல் வளர்த்தால் இறைச்சியில் வாடை அடிக்கிறது என்று வியாபாரி விலையைக் குறைக்கிறார். காயடித்தால் புண் ஆறும் வரை குட்டியைக் காப்பாற்றுவது பெரும்பாடாக இருக்கிறது. மரக்காணம், அனுமந்தை, கூனிமேடு போன்ற உப்பளக் கரையோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டில் தரை காய்வதே இல்லை. ஈ மொய்த்துப் புண்ணில் புழு வைத்துவிட்டால் குட்டி தீவனம் எடுக்காது. சில சமயம் கைக்கே வராது. உப்பள வேலை நின்றுபோகும் அந்த மாதங்களில்தான் வீட்டுக் கால்நடையை நம்பிக் குடும்பம் நடக்கிறது.

கத்தி வைக்காமல், இரண்டு ஊசியால் இதே பலனைப் பெறும் முறை ஒன்று உலகில் பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. ஆஸ்திரேலியாவில் உருவான இத்தடுப்பூசிக்கு அந்நாட்டிலும் நியூசிலாந்திலும் 1998-ஆம் ஆண்டு விற்பனை அனுமதி கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009-இலும் அமெரிக்கா 2011-இலும் அனுமதி அளித்தன. 'இம்ப்ரோவாக்' என்பது இதன் வணிகப் பெயர். இம்முறையின் பலன் ஊசி போடும் தேதியைப் பொறுத்தது. தேதி தவறினால் மருந்துச் செலவும் வீண், இறைச்சியும் வீண். ஆகவே முறையை முழுவதும் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது.

ஏன் காயடிக்கிறோம்?

வெள்ளாட்டுக் கிடாவின் மொச்சை வாடை எல்லோரும் அறிந்ததே. ஆண் பன்றியிலும் பருவம் வந்தபின் இதுபோன்ற வாடை உண்டாகிறது. இதற்கு இரண்டு பொருட்கள் காரணம். ஒன்று ஆண்ட்ரோஸ்டீனோன். இது விதையில் உற்பத்தியாகிக் கொழுப்பில் தங்கும். மூத்திர நெடி போன்ற வாடை தரும். மற்றொன்று ஸ்கேட்டோல். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் இதை உண்டாக்குகின்றன. சாண வாடை தரும். ஈரல் ஸ்கேட்டோலைக் கழித்து வெளியேற்ற வேண்டும். ஆண் ஹார்மோன் மிகுந்த பன்றியில் அந்த வேலை மந்தப்படுகிறது.

இவ்வாடை பச்சை இறைச்சியில் அவ்வளவாகத் தெரியாது. அடுப்பில் கொழுப்பு உருகும்போது கிளம்பும். எல்லா மூக்குக்கும் ஒரே அளவில் தெரிவதும் இல்லை. ஆனால் ஒருமுறை வாங்கி ஏமாந்த வீட்டார் மறுமுறை அந்தக் கடைக்கு வரமாட்டார்கள்.

வாடை ஒரு காரணம். ஆண் பன்றிகள் ஒன்றையொன்று கடிப்பதும், மேலே ஏறுவதும், பெட்டைகளைக் காலம் தவறிச் சினையாக்குவதும் மற்றக் காரணங்கள்.

கத்தி முறையில் உள்ள நன்மை, தீமை

அறுவை முறை மலிவானது. ஒரே நாளில் முடிந்துவிடும். விதை இல்லாததை வியாபாரி கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். இவை அதன் நன்மைகள்.

தீமைகளும் உண்டு. குட்டிக்கு வலி மிகுதி. ரத்தப்போக்கு, சீழ், புழு, ரண ஜன்னி ஆகியவற்றால் குட்டி நலியலாம். குடலிறக்கம் உள்ள குட்டியை அறியாமல் அறுத்தால் குடல் வெளியே சரிந்துவிடும். ஒரு விதை வயிற்றுக்குள் தங்கிவிட்ட குட்டியில் வெளியில் தெரியும் விதையை மட்டும் எடுத்தால் பயனில்லை. உள்ளே இருப்பது வேலை செய்துகொண்டே இருக்கும், வாடையும் வரும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பயன்படும் பர்டிசோ இடுக்கி பன்றிக்கு உதவாது. பன்றியின் விதைப்பை உடலோடு ஒட்டி இருப்பதே காரணம்.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. விதையுள்ள ஆண் பன்றி குறைந்த தீவனத்தில் அதிகச் சதை போடும். காயடித்த பன்றி அதே எடைக்கு அதிகத் தீவனம் தின்று அதிகக் கொழுப்பு வைக்கும். சிறு வயதிலேயே காயடித்துவிடுவதால், வளரும் காலம் முழுவதும் இந்த நஷ்டம் தொடர்கிறது.

ஊசி எப்படி வேலை செய்கிறது?

விதை தானாக இயங்குவதில்லை. மூளையின் அடிப்பாகத்திலிருந்து ஒரு ஹார்மோன் புறப்பட்டுப் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி வேறு ஹார்மோன்களை ரத்தத்தில் விட்டு விதையைத் தூண்டுகிறது. முதலில் புறப்படும் ஹார்மோனுக்கு ஜி.என்.ஆர்.எச். என்று பெயர். பத்து அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம் அது. அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஷாலி என்ற விஞ்ஞானியின் குழு, இறைச்சிக் கூடங்களில் சேகரித்த ஏராளமான பன்றி மூளைகளிலிருந்தே அதைப் பிரித்தெடுத்து, 1971-இல் அதன் அமைப்பைக் கண்டறிந்தது. அதே ஹார்மோனை ஆராய்ந்த ரோஜர் கில்லெமினும் ஷாலியும் 1977-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இந்த ஹார்மோனைப் போன்ற செயற்கைச் சரம் ஒன்றை உடலுக்கு அன்னியமான பெரிய புரதத்தோடு இணைத்துத் தடுப்பூசியாக்கி இருக்கிறார்கள். ஊசி போட்டதும் பன்றியின் உடல் இதை எதிரி என்று எண்ணி எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பொருள் பன்றியின் சொந்த ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனையும் பிடித்துக் கட்டிவிடுகிறது. தூண்டுதல் இல்லாமல் விதை ஓய்ந்துவிடுகிறது. தேங்கி நின்ற வாடைப் பொருட்கள் சில வாரங்களில் உடலிலிருந்து கழிந்துவிடுகின்றன.

உப்பளக்காரருக்கு இதை எளிதாகச் சொல்லலாம். தலைமடையை அடைத்துவிட்டால் கடைப் பாத்திக்கு உவர்நீர் வராது. பாத்தியை வெட்டி எறிய வேண்டியதில்லை. வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் விதைக்கும் தூண்டுதல் அதே வழியில்தான் வருகிறது என்பதால் அதுவும் அடங்கும்.

நம் நாட்டிலும் இந்த ஹார்மோனுக்கு எதிரான தடுப்பூசி ஆராய்ச்சி நடந்துள்ளது. புதுடில்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் பேராசிரியர் ஜி.பி. தல்வார் குழுவினர், ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்காக இத்தகைய தடுப்பூசியை உருவாக்கிச் சோதித்தார்கள்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பன்றிக் காய்ச்சலுக்குப் போடும் தடுப்பூசி வேறு, இது வேறு. இதைப் போட்டால் காய்ச்சல் வராது என்றோ, அதைப் போட்டால் காயடித்தது போல் ஆகும் என்றோ எண்ண வேண்டாம். பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியை வழக்கம்போல் தனியே போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு ஊசி, இரண்டு தேதி

முதல் ஊசியை எட்டு வார வயதுக்குப் பின் போடலாம். இது உடலுக்கு அறிமுகம் மட்டுமே. இதனால் விதை அடங்காது, வாடையும் போகாது. "ஒரு ஊசி போட்டாயிற்று, போதும்" என்று இருந்துவிட்டால் போடாததற்குச் சமம்.

இரண்டாம் ஊசியை முதல் ஊசிக்குக் குறைந்தது 4 வாரம் கழித்துப் போட வேண்டும். வேலை செய்வது இந்த ஊசிதான். போட்ட ஒன்று இரண்டு வாரத்தில் ஆண் ஹார்மோன் இறங்கும். ஆனால் கொழுப்பில் சேர்ந்துள்ள வாடைப் பொருள் கழிய அவகாசம் தேவை. எனவே இரண்டாம் ஊசிக்கும் அறுப்புக்கும் இடையே 4 முதல் 6 வாரம் இருக்க வேண்டும்.

இடைவெளி அளவு மீறிப் போனாலும் எதிர்ப்பொருள் குறைந்து விதை மறுபடி வேலை தொடங்கும். இரண்டாம் ஊசிக்குப் பின் 10 வாரத்துக்கு மேல் பன்றியை வைத்திருக்க நேர்ந்தால், அறுப்புக்கு 4 முதல் 6 வாரம் முன்பு மூன்றாம் ஊசி தேவை. விலை ஏறட்டும் என்று விற்பனையைத் தள்ளிப் போடுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஜூன் நடுவில் பிறந்த குட்டியைக் கிறிஸ்துமஸ் விற்பனைக்காக டிசம்பர் 24-இல் அறுக்க எண்ணம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கைப் பின்னிருந்து போட வேண்டும். இரண்டாம் ஊசி நவம்பர் 12-க்கும் 26-க்கும் இடையில் விழ வேண்டும். நவம்பர் 15-ஐக் குறித்துக்கொண்டால், முதல் ஊசியை அக்டோபர் 18-க்குள் முடித்திருக்க வேண்டும். முதல் ஊசியை மழைக்கு முன்பே, செப்டம்பரில் போட்டுவிடுவது இன்னும் நல்லது. நவம்பர் என்பது நம் கரையில் புயலும் மழையும் வரும் மாதம். அன்று டாக்டரால் வர முடியாமல் போகலாம். ஆகவே இரண்டாம் ஊசிக்கு முதலிலேயே பத்து நாள் இடம் விட்டுத் திட்டமிட வேண்டும்.

போடும் முறை

மருந்தின் அளவு ஒரு பன்றிக்கு 2 மில்லி. சிறிதானாலும் பெரிதானாலும் அளவு ஒன்றே. காதுக்குப் பின்புறம், கழுத்தின் மேற்பகுதியில் தோலுக்கு அடியில் போட வேண்டும். அந்த இடம் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். போட்ட இடத்தில் சிறு வீக்கம் தோன்றி மெல்லக் கரையும்.

மருந்தை 2 முதல் 8 டிகிரி செண்டிகிரேடு குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும். உறைந்துபோன மருந்து பயன்படாது. ஐஸ் கட்டியின் மேல் மருந்துக் குப்பியை நேரே வைக்காமல், துணியில் சுற்றித் தெர்மோகோல் பெட்டியில் கொண்டு வரவேண்டும். உப்பளத்து வெயிலில் சைக்கிள் பையில் போட்டுக்கொண்டு வந்தால் மருந்து கெடும். மின்தடை ஏற்படும் ஊரில் மருந்தை வீட்டில் வாங்கி வைக்காமல், ஊசி போடும் அன்று எடுத்து வருவதே மேல். ஒரு குப்பியில் பல பன்றிக்குரிய மருந்து இருக்கும். இரண்டு, மூன்று பன்றி வைத்திருப்பவர்கள் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொண்டால் மருந்து வீணாகாது.

மனிதருக்கு எச்சரிக்கை

இந்த ஊசி தவறிப் போடுபவர் கையில் குத்திவிட்டால் மனித உடலிலும் இதே வேலையைச் செய்யக்கூடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இனப்பெருக்க சக்தி தற்காலிகமாகக் குறையலாம். கர்ப்பத்துக்கும் ஊறு நேரலாம். இரண்டாம் முறை குத்திக்கொண்டால் ஆபத்து அதிகம். ஆகவே ஊசி முனைக்குக் காப்பு உள்ள பிரத்தியேகக் கருவி கொண்டுதான் இதைப் போடுவார்கள். பழகாதவர் சாதாரண சிரிஞ்சால் தாமே போட முயலக் கூடாது. கர்ப்பிணிகள் இந்த வேலையில் கை வைக்கவே கூடாது. ஒருமுறை குத்திக்கொண்டவர் இனி எப்போதும் இம்மருந்தைக் கையாளக் கூடாது. உடனே இடத்தைக் கழுவி, மருந்துச் சீட்டுடன் மருத்துவரைக் காண வேண்டும்.

இறைச்சியை உண்பவருக்கு இந்த அச்சம் தேவையில்லை. ஊசியில் இருப்பது செயல்படும் ஹார்மோன் அல்ல. வாய்வழி உட்கொண்டால் மற்றப் புரதம் போலச் செரித்துவிடும். மருந்தின் எச்சத்துக்காகக் காத்திருக்க வேண்டிய நாள் இல்லை என்றே அனுமதி அளித்த நாடுகள் வகுத்துள்ளன. நான்கு வாரம் காத்திருப்பது வாடை போவதற்காகத்தான்.

இனப்பெருக்கத்துக்கு வைத்துள்ள கிடாவுக்கும் பெட்டைக்கும் இவ்வூசியைப் போடக் கூடாது.

ஊசிக்குப் பின் கவனிப்பு

இரண்டாம் ஊசிக்குப் பின் பன்றி சாதுவாகும், சண்டை குறையும், தீவனம் அதிகமாக எடுக்கும். பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் விதை பெருக்காமல் நின்று, நிறம் மங்கி இருக்கும். மேலே ஏறும் சேட்டை நின்றிருக்கும். ஒன்று மட்டும் பழையபடி முரண்டு செய்தால், அதற்கு ஊசி சரியாக இறங்கவில்லை என்று பொருள். அதை அடையாளமிட்டு மறுபடி ஊசி போட வேண்டும். அறுப்புத் தேதியையும் தள்ள வேண்டும்.

தீவனம் கூடினால் தண்ணீரும் கூட வேண்டும். இங்கு உப்பளக் கரைக்காரர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டும். பன்றி உப்பு நஞ்சுக்கு எளிதில் இலக்காகும் பிராணி. தண்ணீர் தட்டுப்பட்டாலே, சாதாரணத் தீவனத்தில் உள்ள உப்புகூட மூளையைத் தாக்கி வலிப்பு வரும். உவர்க் கிணற்று நீரைக் கொடுத்து, கருவாட்டுக் கழிவையும் போட்டால் ஆபத்து இரட்டிப்பாகும். நல்ல தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் இருக்கட்டும். தாகத்தில் வாடிய பன்றிக்கு ஒரேயடியாகத் தண்ணீர் காட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.

கொட்டில் சுத்தமும் வாடையைக் குறைக்கும். சாணத்திலும் மூத்திரத்திலும் புரளும் பன்றிக்கு ஸ்கேட்டோல் கூடுதல். அறுப்புக்கு முந்தைய வாரங்களில் தரையை நாள்தோறும் கழுவிக் காயவிட வேண்டும்.

வியாபாரி நம்புவாரா?

சிறு வளர்ப்பாளருக்குப் பெரிய சிக்கல் இதுதான். வியாபாரி பன்றியின் பின்புறத்தைப் பார்த்து, விதை இருந்தால் கிடா விலைதான் பேசுவார். ஊசி போட்ட பன்றிக்கு விதை சிறுத்திருக்குமே தவிர, இல்லாமல் போகாது. ஆகவே மூன்று காரியம் செய்ய வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு பன்றிக்கும் காதில் எண் வில்லை போட்டு, இரண்டு ஊசித் தேதிகளையும் ஒரு அட்டையில் எழுதி, ஊசி போட்ட டாக்டரின் கையெழுத்துப் பெற வேண்டும். இரண்டாவது, ஊசி போடும் முன்பே வழக்கமான வியாபாரியிடம் சொல்லி, அவர் சம்மதத்தை அறிய வேண்டும். மூன்றாவது, முதல் பன்றியை அறுக்கும் அன்று கழுத்துக் கொழுப்பில் ஒரு துண்டை வெட்டி, அவர் எதிரிலேயே சூடான வாணலியில் போட்டுக் காட்ட வேண்டும். வாடை இருந்தால் உருகும்போதே தெரிந்துவிடும். இல்லை என்று அவர் மூக்கே சொன்னால் அடுத்த முறை பேரம் எளிது.

லாபக் கணக்கு

கணக்கைத் தீவனத்தில் போட்டுப் பார்க்கலாம். காயடித்த பன்றி ஒரு கிலோ எடை கூட 4 கிலோ தீவனம் தின்கிறது, ஊசிப் பன்றி 3.6 கிலோ தின்கிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 50 கிலோ எடை கூடும்போது 20 கிலோ தீவனம் மிச்சம். இரண்டு ஊசியின் விலை, டாக்டர் கட்டணம், ஐஸ், போக்குவரத்து ஆகிய எல்லாம் சேர்ந்து 20 கிலோ தீவன விலைக்குள் அடங்கினால் ஊசி லாபம். அடங்காவிட்டால், புண்ணால் சாகும் குட்டியின் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விதையுள்ள பன்றி வேகமாகச் சதை போடுவதற்குப் புரதம் நிறைந்த தீவனம் வேண்டும். ஓட்டல் கழிவு மட்டும் தின்னும் பன்றியில் இந்தத் தீவன லாபத்தை முழுவதும் எதிர்பார்க்கக் கூடாது. அத்தகைய வீட்டில் ஊசியின் பலன் புண் இல்லாமல் குட்டி பிழைப்பது ஒன்றே.

ஊசி கிடைக்காத இடத்தில் என்ன செய்வது?

இந்தியாவில் விற்க உரிமம் பெற்ற மருந்துதானா என்று கால்நடை டாக்டரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே வாங்க வேண்டும். உரிமச் சீட்டு இல்லாமல் கைமாறி வரும் மருந்தை வாங்க வேண்டாம். குளிர்ச்சி கெட்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

மருந்து கைக்கு வரும் வரை இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பருவம் வருமுன் விற்றுவிடுவது. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பெரும்பாலும் காயடிக்காமல், குறைந்த எடையிலேயே ஆண் பன்றிகளை அறுத்துவிடுகிறார்கள். வேகமாக வளரும் பெரிய வெள்ளை யார்க்‌ஷையர் இனத்துக்கு இது பொருந்தும். மெதுவாக வளர்ந்து சீக்கிரம் பருவமடையும் நாட்டுக் கறுப்புப் பன்றிக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

மற்றது, கத்தியையே முறையாக வைப்பது. பிறந்த இரண்டு, மூன்று வாரத்துக்குள், மழையில்லாத நாளில், கால்நடை டாக்டரைக் கொண்டு, வலி குறைக்கும் மருந்துடன் செய்ய வேண்டும். குடலிறக்கம் உண்டா, இரண்டு விதையும் இறங்கியுள்ளதா என்று முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். தாயிடமிருந்து பிரிக்கும் அதே நாளிலும், பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போடும் அதே நாளிலும் இதைச் செய்யக் கூடாது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், விதித்த முறைப்படி காயடிப்பதைத்தான் அனுமதிக்கிறது. பிளேடால் கண்டபடி அறுப்பதை அல்ல. ஜெர்மனியில் மயக்க மருந்து இல்லாமல் பன்றிக்குட்டியைக் காயடிப்பதை 2021 முதல் தடை செய்துவிட்டார்கள்.

யாரைக் கேட்பது?

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் நிலையத்தில் வெண்பன்றி ஆராய்ச்சியும், அங்குள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் வளர்ப்போருக்குப் பயிற்சியும் நடைபெறுகின்றன. மரக்காணத்துக்குப் பக்கத்தில், புதுச்சேரி குரும்பாப்பேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. முதலில் அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம்.

ஊசி முறையில் இறங்க விரும்புவோர் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: "இரண்டாம் ஊசியின் தேதியை என்னால் தவறாமல் காப்பாற்ற முடியுமா?" முடியும் என்பவர், மருந்து கிடைத்தால், நாலைந்து வீட்டாருடன் சேர்ந்து இரண்டு குட்டியில் தொடங்கிப் பார்க்கலாம். முடியாது என்பவருக்கு, இளவயதில் டாக்டர் கையால் செய்யும் அறுவையே இப்போதைக்கு நம்பகமானது. எந்த முறையானாலும் குட்டி பிறந்த தேதியைச் சுவர்க் காலண்டரில் குறிப்பதிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும்.